ராக்கெட் கேக்

காலை பத்து நாற்பதுக்கு அது சாய்ந்தது.

அதுவரை எல்லாம் ஒழுங்காகத்தான் போனது. என் மகள் வேலை பார்க்கும் தனியார் கம்பெனியின் ராக்கெட், செங்கல்பட்டைத் தாண்டிய ஒரு பொட்டலில் மேலே எழும்பி, வந்த வழியே நெருப்பைக் கக்கியபடி இறங்கியது. ஏவியதைக் கடலில் போடாமல் பத்திரமாக இறக்கி மறுபடியும் ஏவ வேண்டும் என்பதுதான் அவர்கள் கனவு. அது தரையில் நிற்பதற்கான கால்களைச் செய்யும் குழுவில் இருந்தாள் மகள். நான் சிட்லபாக்கம் வீட்டில் டிவிக்கு முன்னால் தனியாக இருந்தேன். ராக்கெட் தரையைத் தொட்டது, நின்றது, குடிகாரனைப் போல ஒரு பக்கமாகச் சரிந்தது. பிறகு திரை முழுக்கத் தீ.

அங்கே இருந்தவர்கள் அதற்குக் கை தட்டினார்கள். வர்ணனை செய்த பெண் சிரித்துக்கொண்டே, "சூப்பர் டேட்டா கெடைச்சிருக்கு" என்றாள். புகைக்குள் ஒரு தகரக் கொட்டகை தெரிந்தது. அங்கேதான் இருப்பேன் என்று மகள் சொல்லியிருந்தாள். ஒளிபரப்பை நிறுத்திவிட்டு ஏதோ இசையைப் போட்டார்கள்.

சோதனை நாளில் எல்லோருடைய போனையும் கேட்டிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். தெரிந்தும் அவளைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தேன். பிறகு கம்பெனியைக் கூப்பிட்டேன்.

"ஹார்டுவேர் மட்டும்தான் லாஸ், ஆன்ட்டி" என்றது ஒரு இளம்பெண்ணின் குரல்.

"ஆளுங்க?"

"அது எச்.ஆர். அப்டேட் பண்ணுவாங்க ஆன்ட்டி. டென்ஷன் ஆகாதீங்க."

போனை வைத்துவிட்டு வாசலுக்கு வந்தேன்.

பக்கத்து வீட்டு ரிட்டயர்டு சார் காம்பவுண்டுக்கு அந்தப் பக்கமிருந்து, "இதெல்லாம் நாலு வெடிச்சாத்தான் ஒண்ணு நிக்கும்மா" என்றார். அந்த நாலுக்கும் என் மகள் பக்கத்தில் நிற்க வேண்டுமா என்பதை அவர் சொல்லவில்லை.

மதியம் காலிங் பெல் அடித்தது. ஓடிப்போய்த் திறந்தேன். ஹெல்மெட்டைக் கழற்றாமல் ஒருவர் பெரிய அட்டைப் பெட்டியோடு நின்றார்.

"பாத்துப் புடி அக்கா. வண்டில வர்றப்ப சாஞ்சிக்கினு கீது. இன்னா விசேஷம்?"

ஊழியர்களின் பெற்றோருக்கெல்லாம் கம்பெனி முன்கூட்டியே சொல்லி வைத்திருந்த கேக். ராக்கெட் வடிவம். மேலே 'பெருமைமிகு பெற்றோருக்கு' என்று நீலத்தில் எழுதியிருந்தது. அதை அனுப்ப வேண்டாம் என்று சொல்லக்கூட அங்கே ஒருவருக்கும் தோன்றவில்லை. ஃபிரிட்ஜில் வைக்கக் கை வரவில்லை. மேஜைமேலேயே கிரீம் உருகி வழிந்தது, எறும்பு ஏறியது. வீடெல்லாம் வெனிலா வாடை. இப்போதும் பேக்கரியைக் கடக்கும்போது மூக்கைப் பொத்திக்கொள்கிறேன்.

பொழுது சாயும்போது தெருமுனையில் கம்பெனி வேன் நின்றது. மகள் இறங்கி நடந்து வந்தாள். தலைமுடியில் சாம்பல், இடது கையில் கட்டு. அவளைப் பிடித்துக்கொண்டேன். மண்ணெண்ணெய் நாற்றம் அடித்தது.

"கை தட்டினாங்களேடி. நீ அந்தப் புகைக்குள்ளே இருக்கும்போது அதைப் பார்த்துக் கை தட்டினாங்க."

அவள் என் பிடியிலிருந்து மெல்ல விலகினாள். கண்கள் பளபளத்தன.

"நாலு காலும் கரெக்டா விரிஞ்சுதும்மா, பார்த்தியா? மொதல்ல கை தட்டினதே நான்தான்."