வேங்கிக்கால் குட்டையின் ஆண் இறால்

ரஹமத்துன்னிசா திருவண்ணாமலையில் ஒரு தனியார் பள்ளியின் விலங்கியல் ஆசிரியை. பள்ளி விட்ட பிறகும் ஞாயிற்றுக்கிழமைகளிலும் மழைக்குட்டைகளில் வாழும் இறால் இனங்களைப் பற்றி முனைவர் பட்ட ஆய்வு செய்துகொண்டிருந்தார். மெத்தைக் கடை வைத்திருந்த அவருடைய அப்பா ஜானி பாஷா, மெல்லிய வாயில் புடவைத் துணியில் ஒரு வலை தைத்துக் கொடுத்திருந்தார். மகள் சேற்றில் என்ன தேடுகிறாள் என்று அவர் கேட்டதில்லை. தையல் பிரிந்ததா என்று மட்டும் கேட்பார்.

1996 ஜனவரியில், வேங்கிக்காலில் கலெக்டர் ஆபீசுக்குக் கொஞ்சம் தள்ளி, ஒரு காலி மனையில் வற்றிக்கொண்டிருந்த குட்டையில் ரஹமத்துன்னிசா அந்த வலையைப் போட்டார். ஏழு உயிர்கள் சிக்கின. விரல்கணு நீளம், கண்ணாடி போன்ற உடம்பு. மல்லாந்தபடியே காலாட்டி நீந்தின. ஆங்கிலத்தில் ஃபேரி ஷ்ரிம்ப் என்பார்கள். மீன் இருக்கும் ஏரியில் இவை பிழைக்காது. மழைக்குத் தேங்கி வெயிலுக்குக் காயும் குட்டைதான் வசதி.

மறுவாரம் வேலூருக்குப் போய் வழிகாட்டிப் பேராசிரியர் பலராமனிடம் காட்டினார். அவர் நுண்ணோக்கியில் ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"ஏழும் பெண்ணு. ஆண் ஒண்ணாவது இல்லாம இது எந்த இனம்னு சொல்ல முடியாதும்மா."

பெண்ணைப் பிடித்துக்கொள்ள ஆணுக்கு இருக்கும் தடித்த உணர்கொம்பின் வடிவத்தை வைத்துத்தான் இனம் பிரிப்பார்கள். புது இனமாக இருக்குமா என்று கேட்டதற்கு, முதலில் ஓர் ஆணைப் பிடித்து வரச் சொன்னார். சிரிக்கவில்லை. அதுவே நல்ல சகுனம் என்று எண்ணிக்கொண்டு ரஹமத்துன்னிசா பஸ் ஏறினார்.

அதற்குள் குட்டை காய்ந்து வெடித்திருந்தது. அவர் கவலைப்படவில்லை. முட்டைகள் மண்ணுக்குள் வருடக்கணக்கில் தூங்கும், அடுத்த மழைக்கு எழுந்துகொள்ளும். ஆனால் ஏப்ரலில் அந்தப் பக்கம் போனபோது மனையில் கடைக்கால் போட்டு, தூண்களுக்குக் கம்பி கட்டிக்கொண்டிருந்தார்கள். குட்டை இருந்த இடத்தில் செம்மண் நிரவியிருந்தது.

மேஸ்திரி முருகையனிடம் பழைய மண் எங்கே என்று கேட்டார். நகை ஏதாவது தொலைத்துவிட்டாரோ என்று அவர் பதறிப்போனார். இறால் முட்டை என்று விளக்கியதும் இன்னும் குழம்பினார். வண்டல் நல்லா இருந்ததால் கீழ்பென்னாத்தூர் விவசாயி சகாதேவன் டிராக்டரில் அள்ளிப் போய்விட்டதாகச் சொன்னார்.

மறுநாளே இரண்டு காலிச் சாக்குகளோடு கீழ்பென்னாத்தூர் போனார். வேர்க்கடலை போடும் நிலத்தின் ஓரத்தில் எட்டு லோடு மண்ணைக் கொட்டியிருந்தார்கள். பாதியை இறைத்தாகிவிட்டது. சகாதேவன் யோசனையோடு பார்த்துக்கொண்டிருக்க, அவர் மனைவி திரௌபதிதான் மண்வெட்டியை எடுத்தார்.

"மண்ணுதானே, எடுத்துக்கோங்க. ஆனா டீச்சர், உள்ள இறால் கீதுன்னு சொல்றீங்களே, அத மட்டும் எனக்குக் காட்டணும்."

மே மாதக் கோடை மழை வந்தது. வீட்டு மொட்டை மாடியில் பிடித்த மழைநீரை ஒரு பெரிய பிளாஸ்டிக் தொட்டியில் மண்ணோடு ஊற்றினார் ரஹமத்துன்னிசா. இரண்டாம் நாள் காலை தண்ணீரில் புள்ளிகள் துடித்தன. ஈஸ்ட் தூளைக் கரைத்து ஊட்டினார். ஜானி பாஷா தினமும் காலையில் முதல் வேலையாக மாடியேறினார். "நேத்தைவிட ஜாஸ்தியா இருக்குதே" என்று அவரே அறிக்கை கொடுத்தார்.

பதினைந்தாம் நாள் கொம்பு முளைத்த ஆண்கள் சுற்றிச் சுற்றி நீந்தின. நுண்ணோக்கியில் பார்த்தால் கொம்புகள் இரண்டு வகை. ஒரே குட்டையில் இரண்டு இனங்கள்.

இரண்டுமே ஏற்கெனவே பெயர் வைக்கப்பட்டவை என்று ஜூலையில் தெரிந்தது. ரஹமத்துன்னிசா இரண்டு நாள் தொட்டிப் பக்கமே போகவில்லை. மூன்றாம் நாள் குறிப்பேட்டைப் புரட்டியபோது வேறொன்று கண்ணில் பட்டது. ஒரு வகை இரண்டாம் நாளே பொரிந்து சீக்கிரம் முட்டையிட்டு முடிந்தது. மற்றது நான்காம் நாள் வந்து நிதானமாக வளர்ந்தது. ஒரு சின்னக் குட்டையை ஒன்றுக்கொன்று இடிக்காமல் முறை வைத்துக்கொண்டு வாழ்ந்திருக்கின்றன. ஆய்வின் நீளமான அத்தியாயம் அதுவாயிற்று.

1999இல் முனைவர் பட்டத்துக்கான வாய்மொழித் தேர்வு. கடைசி வரிசையில் ரஹமத்துன்னிசா அழைத்திருந்த திரௌபதியும் சகாதேவனும் உட்கார்ந்திருந்தார்கள். வெளியூர்த் தேர்வாளர் கேட்டு முடித்து, சபையில் யாருக்காவது சந்தேகமா என்றார். திரௌபதி எழுந்தார்.

"எங்க நிலத்துல அந்த மண்ண இறைச்சோமே. அங்க தண்ணி நின்னா இதுங்க வருமா?"

"தெரியலீங்க, நான் பார்க்கல" என்றார் ரஹமத்துன்னிசா.

தேர்வாளர் பேனாவைத் திறந்து அதைக் குறித்துக்கொண்டார். பட்டம் அன்றே உறுதியானது. அக்டோபரில் மூன்று நாள் மழை கொட்டி, கடலைக்காட்டின் தாழ்ந்த மூலையில் தண்ணீர் நின்றதும் திரௌபதி பக்கத்துக் கடையிலிருந்து போன் போட்டுச் சொன்னார். டாக்டர் ரஹமத்துன்னிசா பள்ளிக்கு லீவு எழுதிக் கொடுத்துவிட்டு, கீழ்பென்னாத்தூர் பஸ்ஸில் ஜன்னலோரமாக உட்கார்ந்தார்.