ஐந்தாவது குழாயும் வேலுச்சாமி அண்ணனும்

செவ்வாய்க்கிழமை காலை சாப்பிட உட்கார்ந்தபோது கைபேசி அடித்தது. கிணத்துக்கடவிலிருந்து வேலுச்சாமி அண்ணனின் மகள். "அப்பா போயிட்டாருங்க அத்தை" என்றாள். தட்டிலிருந்த இட்லி அப்படியே காய்ந்துபோயிற்று.

தொழிற்சாலையில் அவரோடு வேலை பார்த்த உங்களுக்கு அவரைப் பற்றிப் புதிதாக என்ன சொல்வது? கண்ணாடி இழையும் பிசினும் சேர்த்து நாம் செய்த குழாய்களை வடிவமைத்தவள் நான். அவற்றை அழுத்தும் இயந்திரத்தில் வைத்து நசுக்கிப் பார்த்தவர் அவர். "நீங்க கட்டறீங்க, நான் ஒடைக்கறனுங்க. ரெண்டும் ஒரே வேலைதானுங்க" என்பார்.

குழாயை இயந்திரத்தில் ஏற்றுமுன் ஒரு நாணயத்தால் மேலிருந்து கீழே தட்டிக்கொண்டே போவார். நல்ல இடம் கணீரென்று கேட்கும். உள்ளே இழை அடுக்குகள் பிரிந்திருந்தால் சத்தம் செத்துப்போகும். எனக்கோ கணினிக் கணக்குப் போதும் என்ற திமிர். "தேங்காய் வாங்க வந்தீங்களாண்ணா?" என்று ஒருமுறை கிண்டல் செய்தேன். "தேங்கா அழுகியிருந்தா சட்னியோட போச்சுங்க அம்மணி" என்று சொல்லிவிட்டுத் தட்டிக்கொண்டே இருந்தார்.

நான் சேர்ந்த முதல் வருடம், தெருவிளக்கு பழுதுபார்க்க ஏறும் மேடைக்குக் கால்கள் செய்தோம். எடை குறைய வேண்டுமென்று சுவரை மெல்லியதாக வைத்திருந்தேன். மெல்லிய குழாயை மேலிருந்து அழுத்தினால், பொருள் நொறுங்குவதற்கு வெகு முன்பே சுவர் நெளிந்து மடங்கிவிடும். ஐந்து குழாய்களைச் சோதித்தோம். நான்கு என் கணக்குப்படி தாங்கின. அண்ணன் தட்டியபோதே சத்தம் செத்திருந்த ஐந்தாவது, பாதிச் சுமையிலேயே மடங்கியது. அது என் முதல் வடிவமைப்பு, வேலை நிரந்தரமாவதே அதை நம்பித்தான் இருந்தது. ஏதோ வார்ப்பில் கெட்டுப்போன ஒன்று என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, நான்கின் சராசரியை மட்டும் எழுதி முதலாளிக்கு அனுப்பிவிட்டேன்.

விஷயம் தெரிந்ததும் அண்ணன் என் மேசைக்கு வந்தார். "மேல ஏறி நிக்கறவனுக்கு எந்தக் குழாய் அமையும்னு நமக்குத் தெரியுமுங்களா?" என்று கேட்டார். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. எழுந்து வெளியே போனேன்.

மறுநாள் காலை நாம் எல்லோரும் கூடியிருந்த இடத்தில் அவர் முதலாளியிடம் சொன்னார்: "ஒரு குழாயை நான் கோணலா வெச்சுப்போட்டேனுங்க. அந்த அறிக்கை செல்லாதுங்க. எல்லாத்தையும் மொதல்ல இருந்து பார்த்தரலாமுங்க." முதலாளி அவரைக் கிழி கிழியென்று கிழித்தார். அண்ணன் கைகட்டி நின்றார். நான் பக்கத்தில், வாயில் கொழுக்கட்டையை வைத்ததுபோல.

செய்து வைத்திருந்த குழாய்களை எல்லாம் அவரே தட்டிப் பார்த்தார். பலவற்றில் சத்தம் செத்திருந்தது. அச்சிலிருந்து கழற்ற மரச்சுத்தியலால் அடித்ததில் உள்ளே அடுக்குகள் விட்டுப்போயிருந்தன. வெளியே ஒரு கீறல்கூட இல்லை. கழற்றும் முறையை மாற்றினோம், கால்கள் நின்றன, என் வேலையும் நிரந்தரமாயிற்று. அவருக்குக் கிடைத்தது 'கோணல் வேலுச்சாமி' என்ற பட்டம்.

"ஏனுங்கண்ணா அப்படிச் சொன்னீங்க?" என்று பிறகு ஒருநாள் கேட்டேன். "நான் திட்டு வாங்கிப் பழகினவனுங்க. நீங்க அப்பத்தான் வந்திருந்தீங்க" என்றார். அதோடு டீ குடிக்கப் போய்விட்டார்.

துக்க வீட்டிலும் உங்களில் ஒருவர் அந்தக் கோணல் கதையைப் பாசமாகத்தான் சொன்னார். எல்லோரும் லேசாகச் சிரித்தார்கள், அவர் மகளும். அங்கேயும் நான் வாயைத் திறக்கவில்லை. நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

இன்று நான் கையெழுத்திடும் எந்த அறிக்கையிலும், குறைவாகத் தாங்கியதன் எண்தான் முதல் வரியில் இருக்கும். அவரிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது அது. அவருடைய நல்ல பேரையும் இத்தனை வருடம் நானே வைத்துக்கொண்டிருந்துவிட்டேன். நாளை கிணத்துக்கடவு போகிறேன். அவர் மகளிடம் சொல்ல வேண்டும்: உங்கப்பா குழாயை நேராத்தான் கண்ணு வெச்சிருந்தாரு.