இடப்பக்கம் போன கை

எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளை என்பவர் தப்பே செய்யாத மனிதர். சாம்பாரில் உப்பு இல்லை என்று அவர் சொன்னால் இல்லைதான். அவர் வண்டியைக் கொண்டுபோய் வேலியில் மோதினால் வேலிதான் தப்பான இடத்தில் இருந்திருக்கும். பெண் கொடுத்த வீட்டுப் பையன் ஒருவன், அதுவும் வயதில் சின்னவன், அக்கா புருஷனைப் பார்த்து "நீங்க ஃபெயில் மாமா" என்று சொன்னதாகப் பாகூர் கொம்யூன் முழுக்கத் தேடினாலும் இன்னொரு கதை கிடைக்காது. நான் சொன்னேன். படகில், தலையில் தண்ணீர் சொட்டச் சொட்ட, அவர் முகத்தைப் பார்க்காமல் சொன்னேன்.

நாங்கள் செலியமேடு. அப்பாவுக்குக் கரும்பும் நெல்லும். மாமாவுக்கு வில்லியனூர், அவர் வீட்டில் உரக்கடை. இந்த இரண்டு வீட்டிலிருந்தும் ஓர் ஆள் கடலுக்கு அடியில் போய்ப் பிழைக்க ஒரு நியாயமும் கிடையாது. மாமாவுக்குக் கடையில் உட்கார்ந்தால் மூச்சு முட்டும் என்பார். மூச்சு முட்டுகிறது என்று தண்ணீருக்கு அடியில் போன ஒரே ஆள் அவராகத்தான் இருக்கும். முதலில் அவர் டைவிங் கற்றுக்கொண்டார், பிறகு என்னையும் இழுத்துவிட்டார். பிள்ளைச்சாவடியில் படகு தள்ளும்போது அங்கிருந்த மீனவர்கள், "கரும்பு வெட்டறதுக்குக் கடலுக்கு இன்னாத்துக்குப்பா வர்றீங்க?" என்று கேட்டுச் சிரிப்பார்கள். அதெல்லாம் பழைய கதை. இப்போது எங்கள் இருவருக்கும் வேறு தொழில் தெரியாது.

நாங்கள் போடுவது ரீபிரீதர். சாதாரணமாக முதுகில் சிலிண்டர் கட்டிக்கொண்டு இறங்குபவர்கள் விடுகிற மூச்சு குமிழ் குமிழாக மேலே போய்விடும். ரீபிரீதரில் அப்படி இல்லை. விட்ட மூச்சு ஒரு சுண்ணாம்புப் பெட்டி வழியாகப் போய்க் கெட்ட வாயு நீங்கி, செலவான அளவுக்கு ஆக்சிஜன் சேர்ந்து, மறுபடி நம் வாய்க்கே வரும். அதனால் மணிக்கணக்கில் அடியில் இருக்கலாம், மீன் மிரளாது. சர்வே வேலைக்கும் படம் எடுக்கும் வேலைக்கும் இதைத்தான் கேட்கிறார்கள். ஆபத்தும் இதில்தான். ஆக்சிஜன் குறைந்தால் மயக்கம், கூடினால் வலிப்பு. அடியில் வலிப்பு வந்தால் வாயில் கடித்திருப்பது நழுவிவிடும். அதற்குப் பிறகு சொல்ல ஒன்றுமில்லை.

மாமா வருஷக்கணக்காக ஒரே மெஷினில் இருந்தார். அதில் ஆக்சிஜன் பொத்தான் நெஞ்சின் வலப்பக்கம், காற்றுப் பொத்தான் இடப்பக்கம். ஆக்சிஜன் ஏறினால் இடது கையால் காற்றை அழுத்தி உள்ளே இருப்பதைக் கழுவிவிட வேண்டும். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் செய்வார். அப்போதுதான் குஜராத் பக்கம் ஒரு சர்வே கம்பெனியிலிருந்து அவருக்கு நல்ல வேலை வந்தது. அவர்களிடம் இருந்தது வேறு மெஷின். அதில் எல்லாம் தலைகீழ்: ஆக்சிஜன் இடப்பக்கம், காற்று வலப்பக்கம். அந்த மெஷினுக்கான பயிற்சி முடித்த சான்றோடு வா என்றார்கள். புதுச்சேரியில் அந்த மெஷினுக்குப் பயிற்சி தர அனுமதி வாங்கியிருந்தவன் நான்.

மெஷின் மாறினால் எப்பேர்ப்பட்ட டைவரும் மறுபடி மாணவன்தான். பழைய அனுபவத்துக்காகச் சில பாடங்களைச் சுருக்கலாம். ஆனால் பூட்டுவது, சோதிப்பது, ஆபத்து வந்தால் கை எங்கே போகவேண்டும் என்பது, எல்லாம் முதலிலிருந்து. முதலில் தரை, அப்புறம் நீச்சல் குளம், அப்புறம் கடல். புதிதாக வருகிறவனுக்குச் சொல்லித் தருவது லேசு, அவன் கை வெறும் கை. பழகின கையோடு வருகிறவனுக்குத்தான் கஷ்டம். மாமாவின் அப்பாவே அதற்குச் சாட்சி. அவர் ஓட்டிய பழைய மோட்டார் சைக்கிளில் கியர் வலது காலுக்கு, பிரேக் இடது காலுக்கு. புது வண்டி வாங்கிய வாரம் குறுக்கே ஓர் ஆடு வந்தது. பிரேக் என்று கியரை மிதித்து, நேராக வாய்க்காலில் இறங்கினார். அந்தக் கதையை விழுந்து விழுந்து சிரித்துச் சொன்னவரே மாமாதான்.

எங்கள் மோட்டார் கொட்டகையில் உட்காரவைத்து ஆரம்பித்தேன். "மீன் குஞ்சுக்கு நீந்தக் கத்துக் குடுக்கறியா மச்சான்?" என்று சிரித்தார். ஆனால் சொன்னதெல்லாம் செய்தார். தரையில் ஒரு பிழை இல்லை. குளத்திலும் இல்லை. எனக்கே சந்தோஷமாக இருந்தது.

கடலில் வேறு மாதிரி ஆயிற்று. அடியில் அவருக்கு ஒரு கயிற்றைக் கட்டும் வேலை கொடுத்துவிட்டு, அவர் முடிச்சில் மும்முரமாக இருக்கும்போது 'ஆக்சிஜன் ஏறுது' என்று எழுதிய அட்டையை முகத்துக்கு நேரே நீட்டினேன். வெறும் ஒத்திகைதான், உண்மையில் ஏறவில்லை. அவர் கை இடப்பக்கம் போனது. புது மெஷினில் அது ஆக்சிஜன். ஏற்கெனவே ஏறிக்கொண்டிருப்பதில் இன்னும் ஊற்றுவது. நான் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தினேன். அவர் கண்ணாடிக்குள்ளிருந்து என்னைப் பார்த்து, புரிந்துகொண்டு, கையை வலப்பக்கம் மாற்றினார். மறுநாள் மறுபடி அதே. அதற்கு அடுத்த நாளும். சும்மா இருக்கும்போது கேட்டால் சரியாகச் செய்வார். மனசு வேறு வேலையில் இருந்தால் கை தன் பாட்டுக்குப் பழைய வீட்டுக்குப் போய்விடும்.

படகில் ஏறியதும் சொன்னேன். முதலில் விளையாட்டு என்று நினைத்தார். "யானைக்கும் அடி சறுக்கும்டா."

"ஒரு தடவ சறுக்கினா நானே தொடச்சி வுட்டிருப்பேன் மாமா. தெனமும் சறுக்குது. இன்னும் கொஞ்ச நாள் பண்ணலாம்."

"நாளு எங்க கீது? அடுத்த வாரம் ரயில் ஏறச் சொல்றான். பாஸுன்னு போட்டுக் குடு, அங்க போய்ப் பழகிக்கறேன்."

"அங்க போய்ப் பழகற விஷயம் இல்ல மாமா இது."

அவர் முகம் மாறியது. படகோட்டி வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். "ஒன்னைக் கடலுக்குக் கூட்டியாந்தவன் நான்," என்றார் மாமா.

வீட்டுக்கு நான் போய்ச் சேருமுன் சேதி போய்விட்டது. அம்மா சோற்றுத் தட்டை வைக்கவில்லை. "வூட்டு மாப்பிள்ளைய எவனாவது ஃபெயில் பண்ணுவானாடா? ஒன் அக்கா இனிமே அந்த வூட்டுல எப்பிடித் தலநிமிந்து இருப்பா?" என்று கேட்டாள். பயமாக இருக்கிறது அம்மா, செத்துப்போய்விடுவார் என்று பயமாக இருக்கிறது என்று சொன்னேன். தன் வாயில் அடித்துக்கொண்டாள். அபசகுனமாகப் பேசாதே என்றாள். பிறகு தட்டு வந்தது.

இரண்டு நாள் கழித்து அக்காவே ஸ்கூட்டியில் வந்து இறங்கினாள். உட்காரவில்லை. "அவுரு இன்னா தப்புப் பண்ணாரு? எனக்குப் புரியற மாதிரி சொல்லு."

நான் அவள் எதிரில் நின்று செய்துகாட்டினேன். ஆக்சிஜன் ஏறினால் வலப்பக்கம் போகவேண்டிய கை இடப்பக்கம் போகிறது என்றேன். இதோ இங்கே, இதற்குப் பதிலாக இங்கே.

"இவ்ளோதானா? இத்தினிக்கூண்டு தூரத்துக்கா எம் புருஷன ஊரு சிரிக்க வச்ச?"

கரணம் தப்பினால் மரணம் என்று சொல்லலாம். அவளிடம் அந்தச் சொல்லைச் சொல்ல எனக்கு நாக்கு வரவில்லை. வலிப்பு என்று மட்டும் சொன்னேன். அவள் காதில் விழுந்ததா என்று தெரியவில்லை. வண்டியைக் கிளப்பும்போது, "ஞாயித்துக்கெழம பாப்பாவுக்குக் காது குத்தறோம். தாய்மாமன் மடி இல்லாம குத்த முடியாது, அதனால வா. எனக்காக வராத," என்றாள்.

அதற்குள் மாமா வேறு ஊருக்குப் போய், யாரிடமோ இரண்டு நாளில் சான்று வாங்கி வந்துவிட்டார். அந்தப் பயிற்சியாளரை நான் குறை சொல்லமாட்டேன். கேட்டுக் கேட்டுச் செய்யச் சொன்னால் மாமா அழகாகத்தான் செய்வார். திங்கட்கிழமை குஜராத்துக்கு ரயில். கம்பெனிக்கு நானே ஃபோன் செய்து சொல்லலாமா என்று நினைத்தேன். கையில் சான்று வைத்திருக்கிற ஆளைப் பற்றி மச்சான்காரன் வயிற்றெரிச்சலில் கோள் சொல்கிறான் என்பார்கள். சொன்னால் சொல்லட்டும், காதுகுத்து முடிந்ததும் பேசிவிடுவது என்று முடிவு செய்தேன். மாமா அதற்கப்புறம் ஜென்மத்துக்கும் என் முகத்தில் விழிக்கமாட்டார். அதை நினைத்து அழுகையும் வந்தது, அவர்மேல் கோபமும் வந்தது.

வில்லியனூரில் அவர்கள் குலதெய்வக் கோயில் பக்கத்திலேயே பந்தல். தோடும் பட்டுப்பாவாடையும் தட்டில் வைத்துக் கொண்டுபோனேன். மாமா தட்டை வாங்கிக்கொண்டார், என்னைப் பார்க்கவில்லை. மொட்டைத் தலையில் சந்தனத்தோடு பாப்பா என் மடியில் உட்கார்ந்தாள். முதல் காதில் ஊசி இறங்கியதும் வீல் என்று கத்தி என் சட்டையைப் பிய்த்தாள். இரண்டாவது காதுக்கு அவளை இறுக்கிப் பிடிக்க வேண்டியிருந்தது. எல்லாரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

காது குத்தி முடிந்ததும் மாமா ஒரு பெரிய தாம்பாளத்தில் லட்டை அடுக்கி, இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு சொந்தக்காரர்களுக்குக் கொடுத்துக்கொண்டே வந்தார். யாரோ ஊருக்குப் போவதைப் பற்றிக் கேட்க, குஜராத்தில் குளிரா வெயிலா என்று அவரோடு பேசிக்கொண்டிருந்தார். அக்கா அவருக்குப் பின்னால் நின்றாள். என்னை ஒரு பார்வை பார்த்தாள். இப்போ பார், எம் புருஷன் யாருன்னு காட்டறேன் என்கிற பார்வை. ஆக்சிஜன் ஏறினால் கை எங்கே போகும் என்று வீட்டில் அந்த வாரம் அவள் அடிக்கடி கேட்டுப் பார்த்திருக்கிறாள், அவரும் சரியாகவே செய்துகாட்டியிருக்கிறார். எனக்கு அது பிறகுதான் தெரியும்.

"ஏங்க! ஆக்சிஜன் ஏறுது!" என்று கத்தினாள்.

மாமாவின் இடது கை தாம்பாளத்தை விட்டது. நேராக இடது மார்புக்குப் போய் அழுத்திக்கொண்டது. தாம்பாளம் சாய்ந்து லட்டெல்லாம் ஜமக்காளத்தில் உருண்டன.

"இன்னாப்பா, மார வலிக்குதா?" என்று ஒரு பெரியவர் பதறி எழுந்தார். விஷயம் தெரியாதவர்கள் பதறினார்கள். பிறகு ஒன்றுமில்லை என்று தெரிந்து சிரித்தார்கள். பிள்ளைகள் லட்டுப் பொறுக்க ஓடினார்கள். நானும் அக்காவும் சிரிக்கவில்லை. அவள் முகத்தில் ரத்தம் இல்லை. மாமா கையை மார்பிலிருந்து எடுக்காமல், அது வேறு யாருடைய கையோ என்பதுபோல் குனிந்து பார்த்தார். பிறகு மண்டிபோட்டு உட்கார்ந்து லட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்துத் தாம்பாளத்தில் வைத்தார்.

சாப்பாட்டுக்கு அவர் உட்காரவில்லை. சமையல் கொட்டகைக்குப் பின்னால் என்னைக் கூப்பிட்டார். படகுக்கப்புறம் அதுதான் முதல் பேச்சு.

"ஒங் கை போவலையா மச்சான்? நீயும் பழைய மெஷின்ல இருந்தவன்தானே?"

"போவும் மாமா. இப்பவும் போவும். பாதியில நிறுத்திப் பாத்துட்டு அப்பறம்தான் அழுத்தறேன். அந்த நிறுத்தம் வர்றதுக்கே எனக்கு ரொம்ப மாசம் ஆச்சி."

"ரொம்ப மாசமா," என்றார். செல்லை எடுத்து அங்கேயே கம்பெனி ஆளைக் கூப்பிட்டு, வீட்டில் ஒரு சூழ்நிலை, வர முடியாது, வேறு ஆள் பார்த்துக்கொள்ளுங்கள் என்று இந்தியும் இங்கிலீஷுமாகச் சொன்னார். குரல் நன்றாகத்தான் இருந்தது. எனக்கு உயிர் வந்தது. ஓடிப்போய் அக்காவிடம் சொன்னேன். அவள் இலை போட்டுக்கொண்டிருந்தாள். தலையை ஆட்டிவிட்டு அடுத்த இலையைப் போட்டாள்.

இப்போது மாமா உரக்கடையில் உட்கார்ந்திருக்கிறார். அந்த வழியாகப் போகும்போதெல்லாம் உள்ளே போகிறேன். டீ சொல்கிறார், யூரியா வரத்து பற்றிப் பேசுகிறார். நிதானமாக மறுபடி ஆரம்பிக்கலாம், எத்தனை மாசமானாலும் ஆகட்டும் என்று சொல்லிப் பார்த்தேன். பார்க்கலாம் என்றார். பழைய மெஷினையாவது போட்டுக்கொண்டு இறங்கலாமே என்றேன். அதற்கும் பார்க்கலாம் என்றார்.

போன வாரம் அக்கா ஃபோன் செய்தாள். மொட்டை மாடியிலிருந்து பேசுகிறாள் போலிருக்கிறது, காற்று இரைந்தது. உயிரோடு இருக்கிறார், அது போதும் அக்கா என்று ஆறுதலாக ஆரம்பித்தேன்.

"இருக்கறாருடா," என்றாள். "நீ ஃபெயில் பண்ணப்ப கோவம்தான் பட்டாரு. பந்தல்ல நான் பண்ணதுக்கு அழுவுறாரு."