விற்காத மிச்ச நூல்

யுத்த காலத்தில் கடைகளில் நூல் இல்லை. என் வீச்சுவலை கிழிந்துபோய், வீட்டில் அடுப்பு எரியவில்லை. காத்தான்குடியில் தறி நெய்யும் ஒரு ராத்தாவிடம் போனேன்; முஸ்லிம் அக்காமாரை அங்கே அப்படித்தான் கூப்பிடுவோம். ஒல்லியான மனுசி. துணியை அறுத்தபின் தறியில் மிஞ்சும் நூல் துண்டுகளை எப்போதும் முடிந்து முடிந்து உருண்டையாகச் சுற்றுவார்.

“அந்த மிச்ச நூல விலைக்குத் தாங்க, ராத்தா.”

“மிச்ச நூல நாங்க விக்கிறல்ல.”

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. “நீங்களே வெச்சிப் பூட்டுங்க!” என்று கத்திவிட்டுத் திரும்பினேன். உருண்டை முதுகில் வந்து விழுந்தது.

“விக்கிறல்ல எண்டுதானே சொன்னன்? தாறல்ல எண்டா சொன்னன், கோவக்காரா?”

அந்தச் சிவப்பு, பச்சை நூலை முறுக்கி வலையின் கிழிசலைப் பொத்தினேன். முதலில் பட்ட மீனை அவரிடம் கொண்டுபோனேன்.

“என்ன விலை?” என்றார்.

“விக்கிறல்ல,” என்றேன்.

அவர் சிரிக்கவே இல்லை. மீனை வாங்கி வைத்துவிட்டு, மறுபடி நூல் சுற்றினார். என்ன மனுசியோ!