எங்கள் வீட்டுக்கு விழுந்த மாதம்

பழனிசெட்டிபட்டியில் ஒரு மருந்துக் கடைக்கு மேலே இருக்கிறது எங்கள் பிரார்த்தனை மாடி. எந்தச் சாமியைக் கும்பிடுகிறவரும் வரலாம், எதையும் கும்பிடாதவரும் வரலாம். மாதத்துக்கு ஒரு சொல் உண்டு. பொறுமை, நன்றி, பயம் என்று தை பிறந்ததுமே வீட்டுக்கு ஒன்றாக எடுத்துக்கொள்வோம். அந்த மாதத்து ஞாயிறு காலைக் கூட்டங்களில் அந்தச் சொல்லைப் பற்றி அந்த வீட்டார்தான் பேச வேண்டும்.

சீட்டுப் போட்டதில் எங்களுக்கு ஆடி விழுந்தது. மகிழ்ச்சி என்ற சொல்லை எடுத்தவர் என் வீட்டுக்காரர். எடுத்த மனுஷன் சித்திரையில் போய்ச் சேர்ந்துவிட்டார். சொல்லை என் தலையில் கட்டிவிட்டுப் போனவர் மேல் எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. வேறு வீட்டுக்கு மாற்றிக்கொடுங்கள் என்று கேட்டிருக்கலாம். ஆனால் அவர் ஆசையாக எடுத்ததை இன்னொருவர் பேசுவதை என்னால் உட்கார்ந்து கேட்க முடியாது.

அவர் போனதிலிருந்து எனக்குத் தூக்கம் கிடையாது. பகலெல்லாம் பாதிக் கனவில் நடந்தேன். ஆடிக் காற்று மலையிலிருந்து இறங்கி வந்து மாடி ஜன்னல்களைத் தட்டும், விளக்கு அணையப் போய்ப் பிழைக்கும், எதிரில் இருக்கிற முகங்கள் தண்ணீருக்கு அடியில் தெரிவதுபோல் அசையும். முதல் ஞாயிறு எழுந்து நின்றேன். வார்த்தை வரவில்லை, உட்கார்ந்துவிட்டேன். அடுத்தடுத்த ஞாயிறுகளும் அதே கதை.

உத்தமபாளையத்திலிருந்து வருகிற ஏலக்காய் வியாபாரியின் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டாள். "கட்டாயம் ஒன்னுமில்லக்கா. முடிஞ்சா பேசுங்க."

"கட்டாயமில்லேன்னா எதுக்கு ஆத்தா வீட்டுக்கு வீடு பிரிச்சுக் குடுத்தாக?" என்று அவள்மேல் எரிந்து விழுந்தேன். பாவம், அவள் என் கையை விடவில்லை.

எங்கள் கூட்டம் மௌனத்தில் தொடங்கி மௌனத்தில் முடியும். மணி ஒலித்தால்தான் மௌனம் கலையும். மணி வைத்திருப்பவரைத் தவிர வேறு யாரும் அதைத் தொடக்கூடாது. பல வருஷம் அது என் வீட்டுக்காரர் மடியில் இருந்தது. இப்போது அந்தந்த மாதத்து வீட்டார் வைத்துக்கொள்கிறோம்.

கடைசி ஞாயிறு, என் மடியில் இருந்த அந்த மணியைக் குனிந்து பார்த்தபோதுதான் எனக்குப் பேச்சு வந்தது.

"உண்மையச் சொல்லிப்புடுறேன். எங்க வீட்டுக்காரவுக தியானத்துல ஆழ்ந்து போறாகன்னு எல்லாரும் மெச்சுவீக. அது தியானமில்ல, தூக்கம். குறட்டை வரப்போகுதுன்னு நான்தான் தொடையில கிள்ளுவேன். முழிச்சு மணிய அடிச்சுட்டு, சாமியவே பாத்துட்டு வந்த மாதிரி மூஞ்சிய வச்சுக்குவாக. எனக்குச் சிரிப்ப அடக்க முடியாது. மகிழ்ச்சின்னா எனக்கு அதுதான் தெரியும்."

ஒருவர் முகத்திலும் ஆச்சரியம் இல்லை.

"தெரியும்க்கா" என்றாள் உத்தமபாளையத்துக்காரி. "உங்க வீட்டுக்காரவுக ராத்திரியே தேனி மார்க்கெட்டுக்குப் போயி, காய்கறி ஏலம் முடிச்சு, மேலுக்குத் தண்ணி ஊத்திட்டு நேரா இங்கன வருவாக. செத்த நேரம் தூங்கட்டும்னுதான் நாங்களும் அசையாம இருப்போம். நீங்க கிள்ளுறப்பதான் எங்களுக்குச் சங்கடமா இருக்கும்."

மாடியே சிரித்தது. நானும் சிரித்தேன். சித்திரைக்குப் பிறகு அன்றுதான் சிரித்தேன். சிரித்துக்கொண்டே இடது பக்கம் திரும்பி, இவர் சிரிக்கிறாரா என்று பார்த்தேன். அங்கே காலிப் பாய்தான் கிடந்தது. விம்மி விம்மி அழுதேன். அழுது முடிக்கும்வரை காத்திருந்தார்கள்.

பிறகு முடிவு மௌனம். மணியை மடியில் வைத்துக்கொண்டு கண்ணை மூடினேன். காற்று வந்துபோய்க்கொண்டிருந்தது. எங்கோ ஒரு பஸ் ஹாரன் அடித்தது. அதற்கு மேல் எதுவும் கேட்கவில்லை.

கண் விழித்தபோது ஜன்னல் வெயில் தரையில் இடம் மாறியிருந்தது. கீழே மருந்துக் கடையைச் சாப்பாட்டுக்கு மூடுகிற சத்தம் கேட்டது. மணி என் மடியிலேயே இருந்தது. எல்லோரும் கண்ணை மூடியபடி அப்படியே உட்கார்ந்திருந்தார்கள்.

யாரும் என்னைக் கிள்ளவில்லை.