மயினி போட்ட நாடகம்

மயினி எங்கள் வீட்டுக்கு வந்த மறுநாள் காலை, அடுப்பில் குக்கர் விசில் அடித்ததும் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு சமையலறைத் தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அண்ணன் மனைவியை எங்கள் பக்கம் மயினி என்றுதான் கூப்பிடுவோம். தாலியில் மஞ்சள் வாசம்கூடப் போகாத பெண், புதுச்சேலை கசங்கத் தரையில் உட்கார்ந்திருந்ததைப் பார்த்து அம்மா திகைத்துப் போனாள். என்ன ஆச்சு என்று கேட்டதற்கு மயினி அம்மாவின் முகத்தைப் பார்க்காமல், சுவரைப் பார்த்து, "இந்தச் சத்தம் எனக்கு வலிக்கும் மாமி. அடுத்த தடவை முன்னாடியே சொல்லுங்க, வெளிய போயிருதேன்" என்றாள். அன்றைக்கு அம்மா அவளுக்கு வைத்த பெயர் திமிர். அது பல வருடம் நிலைத்தது.

அண்ணன் சரக்குக் கப்பலில் வேலை பார்ப்பவன். கடற்கரைத் தெருவில் சங்கு குளிக்கிற குடும்பத்துப் பெண்ணை விரும்பிக் கட்டிக்கொண்டு, அவளை எங்களிடம் விட்டுவிட்டுக் கடலுக்குப் போய்விட்டான். அம்மா நாசரேத் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் ஆசிரியையாக இருந்தவள். எதிரே நிற்பவர் கண்ணைப் பார்த்துப் பேசாத பிள்ளைகளைத் திருத்தியே பழகியவள். மருமகளையும் திருத்தப் பார்த்தாள். விருந்தாளி வந்தால் சிரிக்க வேண்டும், கல்யாண வீட்டில் எல்லோருடனும் உட்கார்ந்து பேச வேண்டும், கோயிலில் ஆராதனை முடிந்ததும் நாலு பேரிடம் நலம் விசாரிக்க வேண்டும். மயினி எல்லாவற்றையும் பழகினாள். பழகியதைச் செய்துவிட்டு வந்த நாட்களில் அறைக்கதவைச் சாத்திக்கொண்டு சாயங்காலம் வரை பேசாமல் கிடப்பாள். பிறகு ஒரு நாள் தானாகவே தேடிப் படித்து, தானாகவே திருநெல்வேலிக்குப் பஸ் ஏறிப் போய், மருத்துவரைப் பார்த்துவிட்டு வந்தாள். மதியச் சாப்பாட்டின்போது, "எனக்கு ஆட்டிசம் இருக்கு மாமி. திமிர் இல்ல" என்றாள். அம்மா சோற்றைப் பிசைந்தபடியே, "வெளிய யார்ட்டயும் சொல்லிராத. வீட்ல ஒரு பொண்ணு கல்யாணத்துக்கு நிக்கிது" என்றாள். அந்தப் பெண் நான்தான்.

நான் அப்போது ஒரு கல்லூரியின் சமுதாய வானொலியில் நிகழ்ச்சி தொகுப்பாளர். ஆட்டிசம் பற்றி நாங்கள் ஒலிபரப்பிய சிறப்பு நிகழ்ச்சியை மயினி வீட்டில் கேட்டிருக்கிறாள். ஒரு மருத்துவர் பேசினார், ஒரு தாய் அழுதார், இடையிடையே புல்லாங்குழல். நான் வீடு திரும்பியதும் வாசலிலேயே பிடித்துக்கொண்டாள். "ஏளா, அரைமணி நேரம் எங்களப் பத்திப் பேசுதீங்க. எங்கள்ல ஒருத்தர்கூட அதுல இல்லயே?" யாரையும் கூப்பிடவில்லை என்று ஒப்புக்கொண்டேன். "சரி, நானே ஒரு நாடகம் எழுதித் தாரேன்" என்றாள்.

கூட எழுதுவதற்கு அவளே ஒருவரைக் கண்டுபிடித்தாள். எங்கள் கல்லூரி நூலகத்தில் வேலை பார்த்த சாயர்புரத்துக்காரர். அவருக்கும் ஆட்டிசம் உண்டு, வாய்ப்பேச்சு கிடையாது. கைப்பேசியில் தட்டச்சு செய்வார், அது அவருக்காகப் பேசும். இரண்டு பேரும் எங்கள் வீட்டுப் பின்னறையில் ஆளுக்கொரு மூலையில் முதுகைக் காட்டி உட்கார்ந்து, ஒரே அறையில் இருந்துகொண்டே ஒருவருக்கொருவர் செய்தி அனுப்பி அந்த நாடகத்தை எழுதினார்கள். திடீரென்று இரண்டு மூலையிலிருந்தும் ஒரே நேரத்தில் சிரிப்பு வெடிக்கும். தேநீர் கொண்டுபோகும் எனக்கு என்ன நடந்தது என்றே தெரியாது. அவ்வளவு சந்தோஷமாக வேலை செய்தவர்களை எங்கள் நிலையத்தில் நான் பார்த்ததில்லை.

கதை எளிமையானது. சங்கெடுக்க முங்குகிற ஒரு பெண். கடலுக்கு மேலே ஊரே கூடி நின்று கத்துகிறது. கீழே போனால்தான் அவளுக்கு நிம்மதி. இடுப்பில் கட்டிய கயிற்றை வள்ளத்தில் ஒருவர் பிடித்திருக்கிறார். அவளை மேலே இழுக்கச் சொல்லி எல்லோரும் அவரை நெருக்குகிறார்கள். அவர் மட்டும், "கயிறு என் கையில் இருக்கிறது. அவள் அசைத்தால் எனக்குத் தெரியும். இன்னும் அசைக்கவில்லை" என்று திரும்பத் திரும்பச் சொல்கிறார். கடைசியில் அவள் தன் மூச்சுக்குத் தக்கபடி, தானாகவே மேலே வருகிறாள். முங்குகிற பெண்ணாக மயினி பேசினாள். கயிறு பிடிப்பவருக்கு நூலகரின் கைப்பேசிக் குரல். மீன் ஏலக்கூடத்தின் இரைச்சலையும், வள்ளத்துப் பலகை முனகுவதையும், வாளித் தண்ணீருக்குள் கேட்கிற மந்தமான ஒலியையும் காதில் பஞ்சு அடைத்துக்கொண்டு போய் மயினியே பதிவு செய்தாள். முதல் தடவை கேட்டபோது, முகத்தில் உப்புத் தண்ணீர் பட்டதுபோல் இருந்தது எனக்கு.

நிலையப் பொறுப்பாளர் கெட்டவர் அல்ல. ஆனால் ஒலிபரப்புக்கு முன்தினம் எங்களை உட்கார வைத்து அவர் போட்டுக் காட்டியது வேறு நாடகம். மயினியின் குரலுக்குப் பதில் நாடக மன்றத்து மாணவி விம்மிக்கொண்டிருந்தாள். கைப்பேசிக் குரல் போய், கரகரப்பான ஒரு மாணவனின் குரல் வந்திருந்தது. முங்கிய பெண்ணை ஊரார் கயிற்றை இழுத்துக் காப்பாற்றினார்கள். முடிவில் புல்லாங்குழல், "இவர்களையும் அரவணைப்போம்" என்ற அறிவிப்பு.

"உங்க குரல்ல ஏற்ற இறக்கம் இல்லம்மா. அதுவும் மெசின் பேசினா வானொலில எடுபடாது. சனங்களுக்குப் புரியணும்லா?" என்றார்.

மயினியின் விரல்கள் சேலைத் தலைப்பை வேகமாகச் சுருட்டி அவிழ்த்தன. "புரியாட்டிக் கேக்கட்டும் சார்" என்றாள். "வாழ்நாளெல்லாம் உங்க முன்னால நடிச்சிருக்கேன். இந்த நாடகத்துல மட்டுந்தான் நான் நடிக்கல. அதப் போய் மாத்திட்டீங்களே."

நூலகர் தட்டினார். கைப்பேசி சொன்னது: "இதுதான் என் குரல். எனக்கு வேறு குரல் இல்லை."

பொறுப்பாளர் அசையவில்லை. திருத்திய நாடகம்தான் போகும், பிடிக்காவிட்டால் பெயர்களை எடுத்துவிடலாம் என்றார். வீட்டுக்கு வந்தால் அம்மா காத்திருந்தாள். என்னைப் பெண் பார்த்துவிட்டுப் போன குடும்பம் மறுநாள் வானொலி கேட்கப்போகிறதாம். "நாடகம் எப்படியும் போகட்டும், உன் பேரு மட்டும் வராண்டாம்" என்று மயினியிடம் கெஞ்சாத குறையாகச் சொன்னாள். மயினி என் பக்கம் திரும்பினாள். "அங்கன குரல் வேண்டாங்காங்க. இங்கன பேரு வேண்டாங்காங்க. மிச்சம் என்னளா இருக்கு எங்கிட்ட?"

மறுநாள் பணியில் இருந்தது நான். மூல ஒலிப்பதிவு என்னிடம் இருந்தது. பொறுப்பாளர் கீழே விருந்தினர்களோடு இருந்தார். மயினியும் நூலகரும் ஒலிபரப்பு நடக்கும் கண்ணாடி அறைக்குள் வந்து உட்கார்ந்தார்கள்.

"ஒனக்கு வேலை போயிரும். தெரியும்லா?"

"தெரியும் மயினி."

"அந்த மாப்பிள வீடும் போயிரும். பயமா இருக்கா?"

"இருக்கு."

"எனக்கும் இருக்கு. போடு."

இரண்டு பேருடைய முழுப்பெயரையும் சொல்லி, எழுதியவர்களும் நடித்தவர்களும் ஆட்டிசம் உள்ளவர்கள் என்று அறிவித்துவிட்டு மூல ஒலிப்பதிவையே போட்டேன். பொறுப்பாளர் படியேறி ஓடிவந்து கண்ணாடியைத் தட்டினார். நான் திறக்கவில்லை. நாடகம் முடிந்த பிறகு நானே கதவைத் திறந்து, அடையாள அட்டையைக் கழற்றி அவர் கையில் கொடுத்தேன்.

மாப்பிள்ளை வீட்டார் தரகர் மூலம் நல்லவிதமாகவே விலகிக்கொண்டார்கள். எனக்கு வருத்தம் இருந்தது. இல்லை என்று சொல்ல மாட்டேன். அம்மா எங்கள் இருவரிடமும் வெகுநாள் பேசவில்லை. அவளை மாற்றியது நாங்கள் அல்ல. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வெளியே வந்தபோது ஓர் அம்மாள், "பாவம், ஒங்க மருமகளுக்கு இப்பிடியாமே" என்று உச்சுக் கொட்டியிருக்கிறாள். "பாவம்லாம் ஒண்ணுமில்ல. அவ போட்ட நாடகத்தக் கேட்டீங்களா? கேட்டுட்டு வந்து பேசுங்க" என்று சொல்லிவிட்டு அம்மா விறுவிறுவென்று ஆட்டோ ஏறிவிட்டாள். வீட்டுக்கு வந்தும் கோபம் அடங்கவில்லை. எங்களிடமே அதைச் சொல்லி ஆத்திரப்பட்டாள். பேச்சு அப்படித்தான் திரும்ப ஆரம்பித்தது.

இப்போது எங்கள் பின்னறைதான் ஒலிப்பதிவுக்கூடம். சுவரெல்லாம் பழைய மெத்தைகள். ஆட்டிசம் உள்ள இன்னும் சிலர் வந்து சேர்ந்திருக்கிறார்கள். ஆத்தூரிலிருந்து வரும் ஒரு பெண் பேய்க்கதைகள் மட்டும்தான் எழுதுவாள். நாடகங்களை இணையத்தில் போடுகிறோம். கேட்கிறவர்கள் கேட்கிறார்கள்; திட்டுகிறவர்களும் முழுக்கக் கேட்டுவிட்டுத்தான் திட்டுகிறார்கள்.

போன மாதம் பழைய பொறுப்பாளர் தொலைபேசியில் கூப்பிட்டார். எங்கள் நாடகம் ஒன்றை வானொலியில் போட வேண்டுமாம். ஓர் எழுத்தைக்கூட மாற்ற மாட்டாராம். முன்னால் ஒரு மருத்துவர் மட்டும் கொஞ்சம் விளக்கம் சொல்வாராம்.

"விளக்கம் சொல்லணும்னா டாக்டர் வேண்டாம்" என்றாள் மயினி. "நடிக்கணும்னா வரச் சொல்லுங்க. புது நாடகத்துக்குக் கூட்டத்துல நின்னு கத்துததுக்கு ஒரு ஆள் குறையுது."

பொறுப்பாளர் சிரித்தார். மயினி வேடிக்கைக்குச் சொல்லவில்லை என்பது எனக்குத் தெரியும். பொறுப்பாளர் சொல்லிக் கேட்ட அந்த மருத்துவருக்கும் தெரிந்திருக்கிறது. மறுவாரம் அவர் நிஜமாகவே எங்கள் வீட்டுக்கு வந்து நின்றார். மயினி அவரை ஒலிவாங்கிக்கு முன்னால் நிறுத்திக் கத்தச் சொன்னாள். தலையைச் சாய்த்துக் கேட்டாள். தள்ளி நின்று மறுபடியும் கத்தச் சொன்னாள். பிறகு அவருடைய சட்டைப் பொத்தானைப் பார்த்தபடி, "எடுக்கலாமான்னு எங்களுக்குள்ள பேசணும். வெளிய உக்காருங்க, கூப்பிடுதோம்" என்றாள்.

மருத்துவர் வெளியே போய் உட்கார்ந்தார்.