வள்ளத்தில் ஒரு வானொலி

கள்ள வானொலியில் அறிவிப்பாளராக இருப்பவனுக்கு இரண்டு பயம்: யாராவது கேட்டுவிடுவார்களோ என்பது ஒன்று, ஒருவருமே கேட்கவில்லையோ என்பது மற்றது. உங்களில் யாராவது அனுமதியில்லாத மைக்குக்கு முன்னால் உட்கார்ந்திருந்தால், இரண்டில் எதற்கு அதிகம் வியர்த்தது என்று நான் சொல்லத் தேவையில்லை.

அப்போது மொன்றியலில் முறைப்படி அனுமதி பெற்ற ஒரு தமிழ் ஒலிபரப்பு இருந்தது. அதில் பிறந்தநாள் வாழ்த்தும் மரண அறிவித்தல் போலவே கேட்கும். அந்த எரிச்சலில்தான் நாங்கள் எங்கள் கள்ள வானொலியைத் தொடங்கினோம்.

மீனுக்கு ஏது சட்டம்

நாங்கள் என்றால் நானும் அந்தோனி அண்ணையும். அண்ணை மன்னாரில் கடலுக்குப் போனவர், இங்கே கூரை வேலை. லவாலுக்கும் மொன்றியலுக்கும் நடுவே ஓடும் ஆற்றில் அவருக்கு ஒரு சின்ன மோட்டார் வள்ளம் இருந்தது. முன்பு ஐரோப்பாவில் சிலர் கடலில் கப்பலை நிறுத்திவைத்து, அனுமதியில்லாமல் பாட்டுப் போட்டார்கள் என்று யாரோ அவரிடம் சொல்லிவிட்டார்கள். அடுத்த ஞாயிறே தூண்டில் தடியில் அன்டெனாவைக் கட்டி, கார் பற்றரியும் ஒலிபரப்புக் கருவியுமாக வந்து நின்றார்.

"அண்ணை, அது கடல். இது ஆறு. ரெண்டு கரையும் கனடாதானே?" என்றேன்.

"தம்பி, சட்டம் கரையில நிக்கிற ஆக்களுக்கு. தண்ணியில நாங்களும் மீனும் ஒண்டு."

இரகசிய நிலையம்

எங்கிருந்து ஒலிபரப்புகிறோம் என்பதை உயிர்போனாலும் சொல்வதில்லை என்று முடிவு. நேயர்கள் என் கைபேசிக்கு அழைத்து, யாழ்ப்பாணத்துப் பேச்சிலேயே வம்பளப்பார்கள். அதற்காகவே கேட்கிறவர்கள் பெருகினார்கள். ஒரு நாள் அஹுன்ட்சிக்கிலிருந்து புஷ்பம் அக்கா அழைத்தார். குரலைக் கனமாக்கி, "எங்களது கலையகத்துக்கு உங்களை வரவேற்கிறோம்" என்றேன்.

அக்கா, எல்லாரும் கேட்க, நேரலையில் சொன்னார்: "தம்பி, நான் யன்னலால உங்களைப் பாத்துக்கொண்டுதான் கதைக்கிறன். வள்ளத்தைக் கொஞ்சம் இஞ்சால விடுங்கோ, ரோல்ஸ் பொரிச்சு வைச்சிருக்கிறன்."

பொலிஸ் வந்தது

அதன்பிறகு பயந்துகொண்டேதான் போனோம். பயந்ததுபோலவே ஒருநாள் பொலிஸ் படகு எங்களை நோக்கி வந்தது. அண்ணை பதறி, மைக்கை நிறுத்துவதாக நினைத்துப் பாட்டை நிறுத்திவிட்டார். "போன்ஷூர்" என்று வணக்கம் சொன்னார் பொலிஸ்காரர். அண்ணை சிலுவை போட்டுக்கொண்டு, "மாதாவே, கூரை வேலையும் போச்சு!" என்று அலறினார். பொலிஸ்காரர் அன்டெனாவைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மிதவை அங்கி போடாததற்குப் பிரெஞ்சில் நன்றாகத் திட்டிவிட்டுப் போய்விட்டார்.

மூச்சு வந்தபோதுதான் மைக் திறந்தே கிடப்பதைக் கண்டோம். உடனே ஓர் அழைப்பு. வில்லரேயிலிருந்து ஒரு பெரியவர்.

"இண்டைய நாடகம் அந்தமாதிரி, வீடு முழுக்கச் சிரிப்பு! அந்தப் பொலிஸ்காரனா நடிச்சது ஆர்?"

நேர்முகத் தேர்வு

கடைசியில் அரசாங்க அலுவலகத்திலிருந்து ஒருவர் மிக மரியாதையாகத் தொலைபேசியில் எச்சரித்தார். நிறுத்திவிட்டோம். எனக்கு அந்த மாதம் சோறு இறங்கவில்லை. ஆனால் கொஞ்ச நாளில் அந்த அனுமதி பெற்ற ஒலிபரப்பிலும் நேயர் அழைப்பு, யாழ்ப்பாணப் பேச்சு, வம்பு எல்லாம் வரத் தொடங்கின. பிறகு அதன் நிர்வாகி என்னையே வேலைக்குக் கூப்பிட்டார்.

முன் அனுபவம் என்ன என்று அவர் கேட்பார், நான் என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டே போனேன். அவர் கதவைச் சாத்திவிட்டு, குரலைத் தாழ்த்தி ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"உங்கட நிகழ்ச்சியில பின்னால தண்ணிச் சத்தம் ஒண்டு கேக்குமே, அதை என்ன மெஷினில எடுத்தனீங்கள்?"

இப்போது, முன்பு சும்மா செய்த அதே குழப்படியை முன் அனுமதி பெற்று, சம்பளத்துக்குச் செய்துகொண்டிருக்கிறேன்.